‘எங்கேயோ பார்த்த முகம்’: பேய்ப்படத்திலும் விஞ்ஞானப் படத்திலும் குணச்சித்திர நடிகர்

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த அக்கா மகள், செல்லூரில் எங்கள் வீட்டிலேயே பத்து நாள் தங்கிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தவள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பேய்ப்படம் பார்ப்பது அவளுக்கு வழக்கம். தனியாகப் பார்க்கப் பயம் என்பதால் நானும் கூட உட்கார வேண்டும். ஒரு படத்தில், அந்த வீட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு வயதான மனிதர் வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைக்கிறார். அப்படியே நிற்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொள்கிறார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேய் இன்னும் திரையில் வரவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, இவரை எங்கேயோ பாத்திருக்கேன். யாரு இவரு?” என்றாள்.

குணச்சித்திர நடிகர் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு அவள் கேள்வியையே நான் பதிலாகச் சொல்வேன். எங்கேயோ பார்த்திருக்கிறோம், பெயர் தெரியாது, ஆனால் அந்த ஆள் வந்ததும் கதை உண்மையாகிவிடுகிறது. கதாநாயகர் எந்தப் படத்தில் வந்தாலும் அவராகவே வருகிறார், நாமும் அவரைப் பார்க்கத்தான் போகிறோம். குணச்சித்திர நடிகர் ஒரு குணத்தை வரைந்து காட்ட வருகிறார். பயந்த வைத்தியர், பிடிவாதக்காரத் தகப்பன், கிறுக்குப் பிடித்த விஞ்ஞானி, ஏதோ தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் வாட்ச்மேன். படத்துக்குப் படம் ஆள் மாறுவார். அதனால்தான் முகம் நினைவில் நிற்கும், பெயர் நிற்காது.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க சினிமா வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. கிராமத்துத் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். அதற்கென்று ஒரு கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். நாடகம் தெரியும், பாட்டு தெரியும், அவரவர் பார்ட் அவரவருக்குத் தெரியும். ஒருவரைக் கூப்பிடும்போதே ‘அவர் இந்தப் பார்ட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சினிமாவில் குணச்சித்திர நடிகரின் பிழைப்பும் இதேதான். ஒரு பார்ட்டுக்குப் பேர் வாங்குவார், அந்தப் பார்ட்டுக்கு ஆள் தேடுகிறவர்கள் இவரைத் தேடி வருவார்கள். முகம்தான் அவருடைய கடை.

பேயும் விஞ்ஞானமும் கலந்த கதைகளில் இந்த நடிகர்கள் வெறும் துணைப் பாத்திரங்களாக இருப்பதில்லை, படத்தையே தாங்குகிறார்கள். குடும்பக் கதையில் அம்மா அழுதால், அழுகையை நாம் நம்புகிறோம், நாமும் அழுதிருக்கிறோம். ஆனால் செத்தவன் எழுந்து நடக்கிறான் என்பதையும், ஒரு எந்திரம் நேற்றைக்குக் கூட்டிப்போகிறது என்பதையும் யாரும் கண்டதில்லை. அதை நம்ப வைக்க ஒரு மனித முகம் வேண்டும். கதாநாயகர் முகம் அதற்கு முழுதாக உதவாது. அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நமக்குத் தெரியும். பின்வரிசையில் நிற்கும் அந்தப் பெரியவர் பயந்தால்தான் நமக்கு வயிற்றைப் பிசையும். அவர் அடுத்த காட்சியில் செத்துப்போகலாம். பெரும்பாலும் செத்தும் போகிறார்.

அப்பா சொல்லக் கேட்டது இது. மதுரையில் ஒரு காலத்தில் இங்கிலீஷ் படம் என்றால் ரீகல்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா எட்வர்டு மன்றம்தான் அது. பகலில் படிப்பகம், சாயங்காலமானால் தியேட்டர். அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் பாதிகூடப் புரியாது. “டாக்டரா வர்றவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்டா. அவர் கண்ணாடியைக் கழட்டுனா ஏதோ விபரீதம்னு அர்த்தம்” என்பார். சப்டைட்டில் இல்லாத காலத்தில் மதுரைக்காரர் ஒருவருக்கு அமெரிக்கக் கதையைச் சொல்லிக்கொடுத்தது பெயர் தெரியாத ஒரு குணச்சித்திர நடிகரின் கண்ணாடி.

பயமுறுத்தும் நடிப்புக்கு மதுரையில் சினிமாவைவிட மூத்த வரலாறு இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். பின்னாளில் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். நாடகம் எழுதும் ஆசிரியராவதற்கு முன் சுவாமிகள் எமன், சனீஸ்வரன் மாதிரியான வேடங்களைக் கட்டிய நடிகர். அவருடைய அந்த உருவத்தையும் ஆவேசத்தையும் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கர்ப்பம் கலைந்துவிட்டது, அந்த வேதனையில்தான் வேடம் கட்டுவதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஆளுக்கு ஆள் கதை கொஞ்சம் மாறும். நடந்தது எப்படியோ, ஒரு நடிகருடைய முகத்துக்கு அவ்வளவு பலம் உண்டு என்று நம்பிய ஊர் இது.

மதுரைப் பெயர் தாங்கிய இன்னொரு நாடகக் குழு நவாப் ராஜமாணிக்கம் நடத்திய மதுரை தேவி பால விநோத சங்கீத சபா. அதில் சிறுவனாகச் சேர்ந்தவர் எம்.என். நம்பியார். குழுவின் நாடகம் 1935இல் ‘பக்த ராமதாஸ்’ என்று படமானபோது அவரும் சினிமாவுக்குள் வந்தார். நம்பியார் என்றால் கையைப் பிசைந்து சிரிக்கும் வில்லன் என்றுதான் பலருக்கும் நினைவு. எனக்கு அவர், விஞ்ஞானக் கதைகளுக்குத் தமிழில் முதன்முதலாக முகம் கொடுத்தவர். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கணக்குப் பார்ப்போம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கர்களோடு கூட்டாக ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. காட்டு யானைகள் ஏன் வெறிபிடித்து ஓடுகின்றன என்று தேடிப் போனால், அழிந்துபோனதாக நினைத்த மாமத யானைகள் உயிரோடு இருக்கின்றன; அதுதான் கதை. இயக்கியவர் வில்லியம் பெர்க். அமெரிக்க நடிகர்களுக்கு நடுவே நம்பியாரும் நடித்தார். பதினோரு வருஷம் கழித்து, 1963இல், ‘கலை அரசி’. விஞ்ஞானத்தில் நம்மைத் தாண்டிப்போன வேற்றுலகத்தார், கலை மட்டும் கைவராமல், பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடிப் பூமிக்கு வருகிறார்கள். பானுமதி பாடகி, எம்.ஜி.ஆர். அவரைத் தேடிப் போகும் விவசாயி. வேற்றுலகத்து ஆள் நம்பியார்.

அந்த வேடத்தில் இருக்கும் சிரமத்தை யோசித்துப் பாருங்கள். வேறு கிரகத்து மனிதன் எப்படி நிற்பான், எப்படி நடப்பான் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள அன்றைக்குத் தமிழில் முன்மாதிரி எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் வித்தை இல்லை. ஒரு உடுப்பு, ஒரு செட், மீதி எல்லாம் நடிகரின் உடம்பு. நாடகக் கம்பெனியில் அசுரனையும் அரசனையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிக் கட்டிப் பழகியவரால்தான் அது முடியும். 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தில் மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடமாகப் போட்டுக் காட்டியவர் அவர். 1982இல் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் அதே மனிதர் வாஞ்சையான வாத்தியார். படத்துக்கு வெளியே சைவ உணவுக்காரர், சபரிமலைக்கு ஆண்டுதோறும் கூட்டிப்போன குருசாமி. 2008இல் இறக்கும்வரை ஊரே கெட்டவன் என்று நம்பிய ஒரு முகத்தை வைத்துக்கொண்டு எழுபது வருஷத்துக்கு மேல் கலையில் வாழ்ந்தார். கதாநாயகர்களின் காலம் வந்து போகும். குணச்சித்திர நடிகருக்கு நரைக்க நரைக்கத்தான் புது வேடம் வரும்.

சிலருக்கு நரைக்கக்கூட வேண்டியதில்லை. விருதுநகர்க்காரரான வி.கே. ராமசாமி 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு வயது 21. அதன் பிறகு நிஜமான முதுமை வந்து சேரும்வரை தமிழ்நாடு அவரைப் பெரியவராகவே பார்த்தது.

இதே தொழில் ஹாலிவுட்டில் எப்படி நடந்தது என்று பார்த்தால் ஒற்றுமை ஆச்சரியமாக இருக்கும். போரிஸ் கார்லாஃப் என்று உலகம் அறிந்தவரின் நிஜப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் 1887இல் பிறந்தவர். குடும்பத்தில் இந்திய ரத்தம் உண்டு. ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேடம், இடையிடையே லாரி ஓட்டும் வேலை என்று காலம் தள்ளினார். சுமார் 80 படங்களில் தலைகாட்டிய பிறகு, 1931இல், 44 வயது நெருங்கும் நேரத்தில்தான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் பூதம் கிடைத்தது. ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் தினமும் ஏறக்குறைய நாலு மணி நேரம் அவர் முகத்தில் வேலை செய்வார். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் ஓடும்போது பூதத்துக்கு எதிரே பெயரே இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும்தான்.

ரசிகர்களை மிரட்டுவதற்காகச் செய்த உத்திதான் அது. என்றாலும் குணச்சித்திர நடிகரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு குறிக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். அந்தப் படத்தில் பூதம் ஒரு வார்த்தை பேசாது. உறுமும், கையை நீட்டும். முதல் தடவையாக வெளிச்சம் மேலிருந்து விழும்போது அது அண்ணாந்து பார்த்து இரண்டு கையாலும் வெளிச்சத்தைப் பிடிக்கப் போகும். அத்தனை மெழுகுக்கும் பசைக்கும் அடியிலிருந்து, பிறந்த குழந்தை மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். பூதத்துக்காக நாம் அழுகிறோம். அந்தக் கையை அப்படி நீட்டத் தெரிந்துகொள்ள அவருக்கு 80 படங்கள் தேவைப்பட்டன என்றுதான் நான் நினைக்கிறேன். ஒப்பனையும் கனத்த உடையுமாக நாள் கணக்கில் நேரம் காலமில்லாமல் உழைத்த அனுபவம் அவருக்குள் தங்கிவிட்டது. 1933இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் உருவானபோது தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

எல்லாருக்கும் கதவு அப்படித் திறக்கவில்லை. அதே 1931இல் ‘டிராகுலா’ படத்தில் ஈயைப் பிடித்துத் தின்னும் பைத்தியமாகவும், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் கூன் விழுந்த உதவியாளாகவும் வந்தவர் டுவைட் ஃபிரை. இரண்டும் இன்றைக்கும் மறக்க முடியாத வேடங்கள். ஆனால் அதன் பிறகு பைத்தியம், கூனன், எடுபிடி என்றே அவரைத் தேடி வந்தார்கள். போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1943இல், 44 வயதில், பஸ்ஸில் போகும்போது மாரடைப்பில் இறந்தார். ஏறக்குறைய கார்லாஃபுக்குக் கதவு திறந்த வயது. நான் மேலே சொன்ன ‘முகம்தான் கடை’ என்பதன் மறுபக்கம் இது. ஒரு சரக்குக்குப் பேர் வாங்கிவிட்டால் வேறு சரக்கு கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

கடையை மூடாமல் கடைசிவரை நடத்தியவர் டிக் மில்லர் (1928–2019). செலவு குறைவாக, வேகமாகப் படம் எடுக்கும் ரோஜர் கோர்மனிடம் 1955இல் சேர்ந்தார். 1959இல் ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’ என்ற நகைச்சுவை கலந்த திகில் படத்தில் வால்ட்டர் பெய்ஸ்லி என்று ஒரு முழு நீள வேடம் கிடைத்தது. பிற்பாடு இயக்குநர்கள் பிரியத்தோடு அதே பெயரை வேறு வேறு படங்களில் அவருடைய சின்ன வேடங்களுக்கு வைத்தார்கள். 1984இல் ‘தி டெர்மினேட்டர்’ படத்தில், எதிர்காலத்திலிருந்து வந்த எந்திர மனிதனுக்குத் துப்பாக்கிகளை எடுத்துக் காட்டும் கடைக்காரர் இவர்தான். வருவது ஒரே ஒரு காட்சி. வியாபாரத்தில் குறியாக, சரக்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போகிறார். எதிரே நிற்பது மனிதன் இல்லை என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் அப்பாவியாகப் பேசப் பேசத்தான் அந்த எந்திரம் பயங்கரமாகிறது. பயத்தைக் காட்டி நம்ப வைப்பது ஒரு வழி என்றால், பயம் தெரியாமல் இருந்து நம்ப வைப்பது இன்னொரு வழி. பின்னது கஷ்டம். அதே வருஷம் ‘கிரெம்லின்ஸ்’ படத்தில் பக்கத்து வீட்டுக்காரராகவும் வந்தார். அதன் இயக்குநர் ஜோ டான்ட்டே தன் படங்களில் தொடர்ந்து அவருக்கு ஒரு வேடம் ஒதுக்கி வைத்தார். ஒரு இயக்குநரின் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டால் அதுவே மாதச் சம்பளம் மாதிரி. நம் ஊரிலும் அப்படித்தான்.

முகமே தெரியாமல் நடிப்பவர்களும் உண்டு. டக் ஜோன்ஸ் ஆறடிக்கு மேல் உயரமான, ஒல்லியான மனிதர். ஊமைக்கூத்து பழகியவர். 2017இல் வந்த ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தின் நீர்மனிதன் அவர். 2006இல் வந்த ‘பான்ஸ் லேபிரிந்த்’ படத்தில் ஆட்டுக்கொம்பு தேவதையும், உள்ளங்கையில் கண் வைத்திருக்கும் வெளிறிய பூதமும் அவரே. வசனம் ஸ்பானிஷ் மொழியில். அவருக்கோ அந்த மொழி தெரியாது. டப்பிங்கில் வேறு குரல் வரப்போகிறது என்று தெரிந்தும், உதடு சரியாக அசைய வேண்டும் என்பதற்காக முழு வசனத்தையும் மனப்பாடம் செய்தார். பூதத்தின் முகமூடியில் கண் இல்லாததால் மூக்குத் துவாரம் வழியாகப் பார்த்து நடித்தார். தலைகீழாக, பிராட் டூரிஃப் 1988இல் ‘சைல்ட்ஸ் பிளே’ படத்தின் பொம்மைக்குக் கொடுத்தது குரல். பொம்மை கெட்ட வார்த்தை பேசும்போது ஒரு நல்ல நடிகரின் தொண்டை அதற்குள் இருக்கிறது.

தமிழுக்குத் திரும்புகிறேன். 1989இல் வந்த ‘நாளைய மனிதன்’ விஞ்ஞானமும் திகிலும் கலந்த படம். செத்தவரை மருந்தால் எழுப்ப முயலும் டாக்டராக ஜெய்சங்கர். ஒரு காலத்தில் துப்பறியும் நாயகனாக ஓடி ஆடியவர், வயதானபின் இப்படிப்பட்ட வேடங்களுக்கு மரியாதையாக நகர்ந்துவந்தார். எழுந்து வரும் பிணம் அஜய் ரத்னம். அவருடைய உயரமும் தோளும்தான் வசனம். 2011இல் ‘காஞ்சனா’ வந்தது. கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியார் மருமகளாகப் பயந்து ஓடும் காட்சிகளுக்கு மதுரைத் தியேட்டரில் ஜனங்கள் சிரித்ததை நான் நேரில் கேட்டிருக்கிறேன். சிரிக்க வைப்பதால் அதைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. அவர்கள் பயம் போலியாக இருந்தால் சிரிப்பும் வராது, அடுத்த நிமிஷம் வரவேண்டிய நடுக்கமும் வராது. 2014இல் ‘பிசாசு’ படத்தில் பேயாகிவிட்ட பெண்ணின் தகப்பனாக ராதாரவி. வில்லனாகவும் அரட்டல் பேர்வழியாகவும் பார்த்துப் பழகிய மனிதர், மகளுக்காக உடைந்து உட்காரும்போது பேய்ப்படம் இழவு வீடாக மாறிவிடுகிறது. பேய் என்பது யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை என்று அந்தத் தகப்பன் முகம் சொல்கிறது. சமீப காலத்துத் தமிழ்த் திகில் படங்களில் என்னை ரொம்ப நேரம் விடாமல் வைத்திருந்தது அந்த நடிப்புதான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லித் தருவேன். பயங்கரம் வரும் காட்சியில் பயங்கரத்தைப் பார்க்காதீர்கள். ஓரமாக நிற்பவரைப் பாருங்கள். அவர் மூச்சு எப்போது மாறுகிறது, கையில் இருந்த டம்ளரை என்ன செய்கிறார், பேச்சை எந்த இடத்தில் முழுங்குகிறார் என்று கவனியுங்கள். அக்கா மகள் இதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்தித் தேடவும் ஆரம்பித்தாள். பல பெயர்கள் அவ்வளவு வேகமாக ஓடுகின்றன, பாவம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். சத்தியவான் சாவித்திரி நாடகம். பின்னிரவில் எமன் வந்தார். கயிற்றைச் சுழற்றிக்கொண்டு மேடையின் விளிம்புவரை வந்து, ஆர்மோனியம் நிற்கும்வரை காத்திருந்து, முன்வரிசையில் தூங்கிய பிள்ளைகள் மேல் பார்வையை மெதுவாக ஓட்டினார். ஒரு பாட்டி பேரனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் எமன், பாதி முகம் அறுபது வயது மனிதர். கிரீடம் டிரங்குப் பெட்டியில் ஏறிவிட்டது. அடுத்த ராத்திரி உசிலம்பட்டிப் பக்கம் வள்ளி திருமணமாம், அங்கே நாரதர். அவள் போய் நின்று, “ஐயா, உங்க பேரு என்னங்கய்யா?” என்றாள். துடைப்பதை நிறுத்தினார். பேரைச் சொல்லி, எழுத்து தப்பாமல் அவள் போனில் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல் நம்பரையும் சொன்னார். “உங்க ஊர்ல திருவிழா வச்சா கூப்பிடு தாயி. எமன் மட்டும் இல்ல, எல்லாப் பார்ட்டும் கட்டுவேன்.”